ஃபாஸ்ட் என்று நான் எழுதிய சிவப்பு

எங்கள் கம்பெனியில் படியேறினால் இடது கைப் பக்கம் ஓர் அறை. கதவில் ‘டிரிம்ஸ்’ என்று எழுதியிருக்கும். பட்டன், லேபிள், எலாஸ்டிக், நாடா என்று துணியோடு சேர்க்க வேண்டியவை எல்லாம் அங்கே டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும். அதே படிக்கு நேர் கீழே நீளமான மேசை. மேலே தொங்கும் அட்டையில் ‘டிரிம்மிங்’. அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தைத்து வந்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி எறிவார்கள். மேலே சேர்ப்பது, கீழே வெட்டுவது. இரண்டுக்கும் ஒரே சொல். எட்டு வருடமாக அந்தப் படியில் ஏறி இறங்குகிறேன். முதல் இரண்டு வருடம் இது கண்ணில் படவில்லை. பட்ட பிறகு அந்தப் படியை நான் நிம்மதியாகக் கடந்ததில்லை.

நான் குவாலிட்டி பார்க்கிறவள். துணியைத் தொட்டு, இழுத்து, துவைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பார்த்ததை இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை. துணி எனக்குப் பயமில்லை. எழுதுவதுதான் பயம். நான் இங்கிலீஷை வகுப்பில் கற்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல், வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையர் அனுப்பும் மெயில்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்றவளுக்கு ஒவ்வொரு சொல்லும் பூட்டிய வீடு மாதிரி. உள்ளே ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல்தான் கதவைத் தட்ட வேண்டும். சில வீடுகளில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல்.

கரண்ட் ஆபீஸிலிருந்து லோடு ‘சாங்ஷன்’ ஆனது என்று தாள் வந்தால் எல்லாருக்கும் டீ. ஏதோ ஒரு நாட்டுக்குச் ‘சாங்ஷன்’ போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தால், அந்த நாட்டுக்குப் போக வேண்டிய பெட்டிகள் மூலையில் தூசி தின்னும். கொடுத்தாலும் அதுதான், தடுத்தாலும் அதுதான். தீபாவளிக்கு ஊருக்குப் போன வடக்கத்தி ஆட்களைப் பற்றி எங்கள் சூப்பர்வைசர் ஒருமுறை கேட்டார்.

“எத்தன பேருங்க லெஃப்ட்?”

“பதினாறு பேருங்க,” என்றேன்.

“பதினாறு பேரு போய்ட்டாங்களா, பதினாறு பேரு பாக்கி இருக்காங்களா?”

“தெரியலீங்க. வாட்ஸ்அப் குரூப்புல ‘லெஃப்ட்’னு வந்ததை எண்ணினேன்.”

“அப்ப போய்ட்டாங்க. கெரகம்! இருக்கறவனுக்கும் அதே பேரு, ஓடிப்போனவனுக்கும் அதே பேரு.”

இதை வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை. அவர் சோமனூரில் தறி ரிப்பேர் பார்ப்பவர். கையில் எண்ணெய் போகாதவர், எதற்கும் அவசரப்படாதவர். “ஏப்புள்ள, அதுக்கேன் இங்கிலீஷ்காரனப் பேசற? நீ தெனமும் காலையில வாசலப் பெருக்கற. குப்பை கொறையுது. கணக்குல பெருக்குனா எச்சாகுது. அதே பெருக்குதான? ஊட்ட உட்டுப் போறவன் ‘வர்றேன்’னுதான சொல்லிட்டுப் போறான்?” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் நம் சொல் நம்மை ஏமாற்றாது என்று ஒரு தைரியம் இருக்கிறது. வாசலைப் பெருக்கச் சொன்னால் யாரும் குப்பையைக் கூட்டி வைப்பதில்லை. அடுத்தவர் சொல்லில் அந்தத் தைரியம் எனக்கு வருவதே இல்லை. மெயிலை அனுப்பும் பொத்தானை அழுத்திய பிறகு அரை மணி நேரம் அதையே திறந்து திறந்து படித்துக்கொண்டிருப்பேன்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் தூங்கவிடாத சொல் ‘ஃபாஸ்ட்’. எங்கள் முதலாளி காலையில் காரிலிருந்து இறங்கும்போதே கையைத் தட்டிக்கொண்டு இறங்குவார். “ஃபாஸ்ட், ஃபாஸ்ட்!” அது ஓடச் சொல்வது. என் ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் உண்டு. சாயம் துணியை விட்டுப் போகாமல் பிடித்து நின்றால் அதில் ‘ஃபாஸ்ட்’ என்று எழுத வேண்டும். அது ஓடாமல் இருப்பது. ஒரே நாளில், ஒரே கூரைக்குக் கீழே, கால்களுக்கு அந்தச் சொல் ஒன்றைச் சொல்லும், சாயத்துக்கு வேறொன்றைச் சொல்லும். இரண்டையும் ஒரே காதால் கேட்டு வேலை செய்ய வேண்டும்.

இந்த வருடம் எங்களுக்கு ஒரு சிவப்பு வந்தது.

குழந்தைகள் சட்டை. உடம்பு வெள்ளை, கையும் கழுத்தும் சிவப்பு. வெள்ளையோடு சிவப்பைச் சேர்த்துத் தைப்பது என்றாலே இந்த ஊரில் எல்லாரும் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிப்பார்கள். சிவப்பு ஒரு துளி நழுவினால் வெள்ளை ரோஸ் ஆகிவிடும். அந்தச் சிவப்புத் துணி இரண்டு தடவையாகச் சாயம் ஏறி வந்தது. எங்கள் பேச்சில் முதல் லாட், இரண்டாவது லாட். முதல் லாட்டின் துணி வெளி லேபுக்குப் போய், பாஸ் என்று தாள் வந்துவிட்டது. இரண்டாவது லாட் தாமதமாக வந்தது. லேபுக்கு அனுப்பினால் நான்கு நாள் ஆகும், கப்பல் காத்திருக்காது என்றார் முதலாளி. “ஊட்டு வாஷ் பாத்துருங் அம்மிணி. அது போதும்.”

ஊட்டு வாஷ் எங்கள் கம்பெனியின் பழக்கம். லேப் தாள் இருந்தாலும், ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு சட்டை என்னோடு வீட்டுக்கு வரும். நான் அதை வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் கையால் துவைத்து, நிழலில் உலர்த்தி, மறுநாள் கொண்டுபோய்க் காட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பேக்கிங் நடக்கும். “மெஷின் என்ன வேணும்னாலும் சொல்லும். கடைசியில எங்கியோ ஒரு பொம்பள கையிலதான தொவைக்கப் போறா?” என்பது முதலாளியின் வாதம். அந்தப் பொம்பளையாக எட்டு வருடம் நான் இருந்திருக்கிறேன்.

இரண்டாவது லாட்டின் சட்டையை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை துவைத்தேன். சோப்புப் போட்டுக் கசக்கினேன். வெள்ளைத் துணி ஒன்றை அதோடு சேர்த்து முறுக்கிப் பிழிந்தேன். ஒரு சொட்டுக்கூட நிறம் இறங்கவில்லை. வாளித் தண்ணீர் கலங்கலாகச் சோப்பு நுரையோடு கிடந்தது. எனக்கு அப்படி ஒரு ஆறுதல். புதன்கிழமை காலை கட்டத்தில் ‘ஃபாஸ்ட்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அன்றே இரண்டாவது லாட்டின் சட்டைகள் பெட்டிக்குள் போயின. இரண்டாயிரம் சட்டைகள். வியாழன் மதியம் பன்னிரண்டு மணிக்கு லாரி. தூத்துக்குடி. அப்புறம் கடல்.

வியாழன் காலை எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீர் வந்தது. ஒன்பது நாளுக்குப் பிறகு. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பழைய வீட்டில் தொட்டியில் எப்போதும் நல்ல தண்ணீர் நிற்கும். இங்கே குழாயைத் திறந்தால் போர் தண்ணீர்தான். உப்பு. ஆற்றுத் தண்ணீர் வருகிற நாளில் தெருவே பாத்திரங்களோடு வெளியே நிற்கும். நானும் குடம், டிரம், குக்கர் வரை நிரப்பிவிட்டு, கிடைத்த மிச்சத்தில் வெளுப்புத் துணிகளை முக்கினேன். கணவர் அன்று அவிநாசிக் கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவருடைய வேட்டியும் அதில் இருந்தது. அதோடு சேர்ந்து, அடுப்புத் துடைக்க நான் வைத்திருந்த ஒரு சிவப்புத் துண்டும் வாளிக்குள் போய்விட்டது. கட்டிங் மேசையில் விழுந்த மிச்சம். இந்த ஊரில் எந்த வீட்டிலும் கைப்பிடித் துணி கடையில் வாங்கியது இல்லை.

“ஏப்புள்ள, இங்க வா. சித்த இதப் பாரு.”

போய்ப் பார்த்தேன். அவர் வேட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோஸ். தண்ணீர் முழுக்க ரோஸ்.

“கல்யாணத்துக்குப் போகச் சொன்னியா, நானே மாப்பிள்ளையா ஒக்காரச் சொன்னியா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன். அது இரண்டாவது லாட். நானே கட்டிங் மேசையிலிருந்து பொறுக்கி வந்தது. “இல்லீங்க. இது போகாத சாயமுங்க. முந்தாநேத்துதான் தொவைச்சுப் பாத்தேன். ஒரு சொட்டுப் போகல.”

“எந்தத் தண்ணியில?”

பொடக்காலிக் குழாயைத் திரும்பிப் பார்த்தேன்.

இளவட்டத்தில் இரண்டு வருடம் அவர் ஒரு சாயப்பட்டறையில் உப்பு மூட்டை தூக்கியவர். அதனால் அவர் சொன்னது சாதாரணமாகத்தான் இருந்தது, ஊருக்கே தெரிந்ததைச் சொல்கிற மாதிரி. “துணியில சாயம் ஏறறதே உப்பாலதான? மூட்டை மூட்டையாக் கொட்டித்தான சாயத்தத் துணிக்குள்ள தள்ளறது? அந்த உப்பு இருக்கற தண்ணியிலயே தொவைச்சா அது எப்படி வெளிய வரும்? நல்ல தண்ணி பட்டாத்தான் வேசம் கலையும்.”

எனக்குத் தெரியாததா? பத்து வயதுக் குழந்தைக்கும் இந்த ஊரில் தெரியும். ஆனால் ஐந்து மாதம் அந்தத் தண்ணீரில் குளித்து, பாத்திரம் கழுவி, தலை பிசுபிசுக்கிறதென்று திட்டி, அப்புறம் திட்டுவதையும் மறந்து, அது எனக்கு வெறும் தண்ணீர் ஆகிவிட்டிருந்தது. இடையில் வந்த ஆர்டர்கள் எல்லாம் சாம்பல், வெளிர் நீலம், பழுப்பு. எதுவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சிவப்புக்காகக் காத்திருந்தது போல இருந்தது அந்த உப்பு.

அவர் வேறு வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். வழியெல்லாம் சிக்னலில் நின்றவர்களின் சட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். எத்தனை வெள்ளைகள்!

ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை நான் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கேன் தண்ணீரை ஒரு டப்பில் ஊற்றி, முதல் லாட் துண்டை முக்கினேன். தெளிவு. தண்ணீரை மாற்றி இரண்டாவது லாட்டை முக்கினேன். சிவப்பிலிருந்து மெல்லிய ஒரு நூல் பிரிந்து, தண்ணீருக்குள் வளைந்து, கரைந்தது. மறுபடி மாற்றினேன். மறுபடி. மூன்றாவது முறையும் அதே நூல். அழகாக இருந்தது என்பதுதான் கொடுமை. யாரோ ஒரு பெண், எங்கோ ஒரு குளிர் ஊரில், பிள்ளையின் சட்டையை முதல் தடவை துவைக்கப் போகிறாள். அவள் குழாயில் உப்பு இருக்காது. பிள்ளை ஏற்கெனவே அந்தச் சிவப்புக் கழுத்தை வாயில் வைத்துச் சப்பியிருக்கும். அவள் தூக்கிப் பார்ப்பாள், என் கணவர் வேட்டியைத் தூக்கிப் பார்த்த மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வராது.

ஜன்னலுக்கு வெளியே லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கிச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். பெட்டிகள் ஏறத் தொடங்கின. ஒவ்வொரு பெட்டியும் லாரித் தளத்தில் விழும் ‘தொம்’ என் மேசை வரை கேட்டது.

சாயப்பட்டறை மாஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் தெற்கிலிருந்து வந்து இங்கே இருபது வருடம் ஆனவர். பேச்சு மட்டும் இன்னும் ஊரை விட்டு வரவில்லை.

“என்னக்கா இப்பிடிச் சொல்லுதிய? லேப்ல பாஸுலா ஆயிருக்கு!”

“அது மொத லாட்டுங்க. ரெண்டாவது லாட்டுக்கு எத்தன தடவ சோப்புத் தண்ணி ஓட்டுனீங்க?”

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ மெஷினை நிறுத்தச் சொல்வது கேட்டது.

“அண்ணாச்சி...”

“ஒண்ணுதாங்கா. ரெண்டாவது ஓட்டலை. ஒங்க மொதலாளிதான் நிமிசத்துக்கு ஒரு போன் போட்டு ஃபாஸ்ட் ஃபாஸ்ட்னு உயிர எடுத்தாவ. நான் என்ன செய்ய? மேல ஒட்டிக்கிட்டு நிக்க சாயத்தக் கழுவி எடுக்கதுதான் அந்த ரெண்டாவது தண்ணி. அதை விட்டுட்டோம்.” பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: “நீங்க தொவச்சுப் பாத்து சரின்னுதான சொன்னிய?”

ஆமாம். நான்தான் சொன்னேன். அவர் விட்டதைப் பிடிக்கத்தான் நான் இருந்தேன். என் வேலைக்கு இங்கிலீஷில் ‘ஓவர்சைட்’ என்று ஒரு பெயர் உண்டு. மேலிருந்து பார்த்துக்கொள்வது. தப்பு நடந்தால் மன்னிப்புக் கேட்டு எழுதும் மெயிலிலும் அதே சொல்தான் வரும். பார்க்காமல் விட்டது. எத்தனையோ பேருக்காக அந்த இரண்டாவதை நான் எழுதியிருக்கிறேன். ஒரு நொடியும் யோசித்ததில்லை.

பதினொன்றரைக்கு முதலாளி என் மேசைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கஞ்சி மடிப்பு கலையாமல்.

“ஏனுங் அம்மிணி, மெயில் போட்டாச்சுங்களா? ரெண்டு லாட்டும் பாஸ், லாரி கெளம்புதுன்னு.”

“இன்னும் இல்லீங்க.”

“ஏனுங்க? டிரைவரு டீ குடிச்சு முடிச்சுட்டான்.”

“கொஞ்சம் இதப் பாருங்க.” டப்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

பார்த்தார். “இது எந்தத் துணி?”

“நம்ம செகப்புதானுங்க. ரெண்டாவது லாட்டு.”

“நீங்கதான பாஸ் போட்டீங்க?”

“ஆமாங்க. உப்புத் தண்ணியில தொவைச்சுட்டேனுங்க. புது ஊட்டுல நல்ல தண்ணி ஒம்பது நாளா வரலீங்க. நான் யோசிக்கவே இல்லீங்க. இன்னைக்கு ஆத்துத் தண்ணியில இதோட சேந்து எங்கூட்டுக்காரரு வேட்டி ரோஸாப் போனப்பத்தான் தெரிஞ்சுதுங்க.”

அவர் குடும்பத்துக்குத் தோட்டம் உண்டு. கிணறு உப்பாகிப் போய்த் தென்னை வாடியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். உப்பு என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. பேனாவை எடுத்து மூடினார், திறந்தார், மூடினார்.

“எட்டு வருசமாத் தொவைக்கறீங்க. இன்னைக்குத்தான் நாக்குல உப்புத் தட்டுச்சுங்களா?”

நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“லேப் பேப்பர்ல பாஸ். உங்க பேப்பர்ல பாஸ். உங்கூட்டுக்காரரு வேட்டி நனையாம இருந்திருந்தா, பொழுதோட லாரி குண்டடம் தாண்டிப் போயிருக்கும். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஒரு வேட்டிக்காக நா லாரிய நிறுத்தோணுமுங்களா?”

அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது, கேலி இருந்தது, அதற்கும் அடியில் ஒரு கெஞ்சல் இருந்தது. ‘இல்லீங்க, போகட்டுமுங்க’ என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்கிற கெஞ்சல். அது எனக்குக் கேட்டது. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்ததும் உண்மை. வெளியே இன்னொரு பெட்டி விழுந்தது.

“அந்தக் கையெழுத்து தப்புங்க,” என்றேன். “அது என்ர கையெழுத்து. நானே சொல்றேன், தப்புன்னு.”

முதலாளி குனிந்து டப்பிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்தார். பிழிந்தார். அதைத் தன் சட்டைக் கையின் மடிப்பில், வெள்ளையில், இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தார். நான் தடுக்கக் கையை நீட்டினேன். அதற்குள் தேய்த்துவிட்டிருந்தார். மடிப்பின் ஓரம் முழுக்க ரோஸ் ஏறியது. அதை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எறக்கச் சொல்லுங்க,” என்றார். “மொத லாட்டு மட்டும் போகட்டும்.”

நான் பையருக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கும் அந்த வழக்கமான சொல் தானாக விரலுக்கு வந்தது. அடித்தேன். அழித்தேன். வேறு பெரிய சொற்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்கட்டில் ஒரு வாசல் இருந்தது, தப்பித்துப் போக. கடைசியில் சின்னச் சின்னச் சொற்களாக எழுதினேன். இரண்டாவது லாட் சட்டையை நான் உப்புத் தண்ணீரில் துவைத்தேன். அதனால் சாயம் போகவில்லை. நல்ல தண்ணீரில் போகிறது. தவறு என்னுடையது. மறுபடி கழுவிச் சோதித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலாளி தோளுக்கு மேலிருந்து படித்தார். “இதென்னுங்க, ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கற மாதிரி! கொஞ்சம் இங்கிலீஷாட்டம் எழுதுங்க.”

“இதுதானுங்க எனக்குப் பயமில்லாத இங்கிலீஷ்.”

அவர் ஒரு பெருமூச்சு விட்டு, பொத்தானை அவரே அழுத்தினார்.

இறக்கிய பெட்டிகள் கீழே நூல் வெட்டும் மேசைக்கு முன்னால் மலையாகக் குவிந்தன. பெண்கள் டேப்பைக் கிழித்து, முந்தின நாள் தாங்களே மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். வாய் சும்மா இல்லை.

“அக்கா, அண்ணனோட வேட்டியக் கொண்டாங்க. மாலை போட்டு இங்க மாட்டி வெக்கலாம்.”

“ஆமா, இனிமே எல்லாத் துணியும் அண்ணன் கட்டிப் பாத்து ஓகே சொன்னாத்தான் பேக்கிங்.”

சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். இரண்டாயிரம் சட்டைகளை மடித்த கைகள் அவை. அதே கைகள் இப்போது அவற்றைக் குலைத்துக்கொண்டிருந்தன. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

ஆனால் இறக்கியதோடு முடியவில்லை. தைக்காத துணி என்றால் மறுபடி கழுவிவிடலாம். இது தைத்த சட்டை. சிவப்பிலிருந்து கழுவி எடுக்கும் சாயம் பக்கத்திலேயே இருக்கும் வெள்ளையில் போய் ஒட்டினால் அத்தனையும் போச்சு. முதலில் இருபது சட்டைகளை மட்டும் மாஸ்டரின் பட்டறைக்கு அனுப்பினோம். அங்கே சுத்திகரித்த நல்ல தண்ணீர் உண்டு. சுடச்சுடச் சோப்புத் தண்ணீரில் ஓட்டி, பிறகு குளிர்ந்த தண்ணீரில் மூன்று முறை அலசி, மாலை ஐந்து மணிக்கு மாஸ்டரே பைக்கில் கொண்டுவந்து கொடுத்தார். மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

விரித்தேன். பதினாறு சட்டைகளில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. நான்கில், கழுத்துத் தையலை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கு ரோஸ் நிழல். அதைத் தனியே வைத்தேன். பதினாறில் ஒன்றைக் கேன் தண்ணீரில் முக்கிக் கசக்கினேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அல்லது தெளிவாக இருந்ததாக எனக்குப் பட்டது. காலையிலிருந்து சிவப்பையே பார்த்த கண். எதை நம்புவது?

“என்ன கலரு தெரியுதுங்க்கா?” என்று நூல் வெட்டும் பெண் ஒருத்தியைக் கேட்டேன்.

“தண்ணிக் கலருதானுங்க்கா.”

மாஸ்டரைக் கேட்டேன். “தெளிவாத்தாங்கா இருக்கு.” அவர் கண்ணை நான் எப்படி நம்புவது? முதலாளியைப் பார்த்தேன்.

“என்னையக் கேக்காதீங்க அம்மிணி. நீங்க சொல்லுங்க. நீங்கதான சொல்லோணும்?”

அந்த நேரத்தில் அவர் என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயம் வந்திருக்காது. நான் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு கேன் கேட்டேன். அதுவும் முடிந்த பிறகு இன்னொன்று. மூன்றாவது கேனுக்குப் பிறகுதான், “கழுவலாமுங்க,” என்று சொன்னேன்.

மொத்தமும் கழுவி, உலர்த்தி, நிழல் விழுந்தவற்றைப் பொறுக்கி எடுத்து, மறுபடி மடித்துப் பெட்டி போட எட்டு நாள் ஆனது. இந்தத் தடவை லேபுக்கும் துணி போனது, தாளும் வந்தது. நானும் துவைத்தேன். கம்பெனியின் ரிப்போர்ட் படிவத்தில் முதலாளி ஒரு புதுக் கட்டம் போடச் சொன்னார். ‘தண்ணி’ என்று தலைப்பு, தமிழிலேயே. அதில் ‘ஆற்றுத் தண்ணீர்’ என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டிய சொல்லை எழுதக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் கையெழுத்துக்குக் கீழே அவரும் ஒன்று போட்டார். எட்டு வருடத்தில் முதல் முறை. அது நம்பிக்கையா, நம்பிக்கை போனதா என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதும் இன்று அந்தப் பெட்டிகள் கடலில் இருக்கின்றன. பையரிடமிருந்து வந்த பதில் ஒரே வரி, ‘நோட்டட்’. பார்த்துக்கொண்டோம் என்று அர்த்தம். மன்னித்தோம் என்றா, மனதில் வைத்துக்கொண்டோம் என்றா? தெரியாது. பெட்டி போய்ச் சேர்ந்து, திறந்து, அவர்கள் துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை வரும்.

இன்று காலை ஆற்றுத் தண்ணீர் வந்தது. ஏழு நாளுக்குப் பிறகு. குடங்கள் நிறைந்ததும், அனுப்பிய சட்டைகளில் ஒன்றை, மாதிரிக்கு என்று நான் எடுத்து வைத்திருந்ததை, பொடக்காலிக்குக் கொண்டுபோய் முக்கினேன். அது எத்தனையாவது முறையென்று எனக்கு நினைவில்லை. பல் தேய்த்துக்கொண்டே என் கணவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னுமா?”

“ஒரே ஒரு தடவைங்க.”

“நீ தொவைக்கற தொவைப்புல சாயம் போகாது. துணிதான் போகும்.”

அவர் உள்ளே போன பிறகு சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டேன். வாளியைச் சூரியன் விழும் இடத்துக்கு நகர்த்தி, தண்ணீர் அசைவதை நிறுத்தும் வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.